தெருவரை வந்த ஃபைபர் வீட்டுக்குள் வருமா?

வீட்டில் இணையம் மெதுவாக இருக்கிறது என்று மாணவர் யாராவது என்னிடம் குறைப்பட்டுக்கொண்டால், நான் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றியல்ல, நேரத்தைப் பற்றி. எத்தனை மணிக்கு? பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: இரவு எட்டு முதல் பதினொன்று வரை. அப்பா வேலை முடிந்து வந்து கைப்பேசியில் செய்தி பார்க்கிறார். அம்மா பார்க்கும் தொடர் இப்போது ஏரியல் வழியாக வருவதில்லை, அதுவும் இணையத்தில்தான் வருகிறது. தம்பி விளையாட்டில் இருக்கிறான். அக்கா பல்கலைக்கழகக் குழுப்பணிக்காகக் காணொளிச் சந்திப்பில் இருக்கிறாள். எஸ்.பி.எம். எழுதப்போகும் பிள்ளை அதே நேரத்தில்தான் ஒரு கணிதப் பாடக் காணொளியைத் திறந்துவிட்டு, வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

பத்து ஆண்டுகளுக்கு முன்பு நம் வீடுகளில் இணையம் ஒரு மேசையின் மேல் இருந்தது. ஒருவர் எழுந்தால் மற்றவர் உட்காருவார். இப்போது ஆறு பேர் உள்ள வீட்டில் பத்துப் பன்னிரண்டு கருவிகள் ஒரே நேரத்தில் இணைந்திருக்கின்றன. இதை ஆடம்பரம் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பள்ளி, வங்கி, மருத்துவமனை முன்பதிவு, யூ.பி.யூ. விண்ணப்பம் என்று எல்லாம் இணையத்துக்குப் போய்விட்ட பிறகு வீட்டின் தேவை வளரத்தான் செய்யும்.

எவ்வளவு வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நெட்ஃபிலிக்ஸ் தன் சந்தாதாரர்களுக்குச் சொல்லும் அளவு இது: முழு எச்.டி. படத்துக்கு வினாடிக்கு 5 மெகாபிட், 4கே படத்துக்கு 15 மெகாபிட். காணொளிச் சந்திப்புக்குச் சுமார் 3 மெகாபிட் போதும். கூடத்தில் ஒரு 4கே தொலைக்காட்சி, அறைகளில் மூன்று எச்.டி. காணொளிகள், இரண்டு காணொளிச் சந்திப்புகள், ஓர் இணைய விளையாட்டு, பின்னணியில் தானாக நடக்கும் புதுப்பிப்புகள். எல்லாவற்றையும் கூட்டினால் 40, 50 மெகாபிட்டைத் தாண்டுவது கடினம். 100 எம்பிபிஎஸ் இணைப்பு உள்ள ஒரு பெரிய குடும்பம் தாராளமாகச் சமாளிக்கலாம். 1 ஜிபிபிஎஸ் வாங்கினால்தான் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்று விளம்பரம் சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் இந்த 50 மெகாபிட் இரவு ஒன்பது மணிக்கும் தடுமாறாமல் கிடைக்க வேண்டும். அது கைப்பேசி ஹாட்ஸ்பாட்டால் ஆகாது, பழைய செம்புக் கம்பியாலும் ஆகாது.

பதிவேற்றத்தை நாம் மறந்துவிடுகிறோம். படம் பார்ப்பவருக்குப் பதிவிறக்கம் மட்டும் போதும். மாணவர் அப்படியில்லை. அவர் பணித்தாளை அனுப்ப வேண்டும், செய்முறைக் காணொளியை ஏற்ற வேண்டும், கேமராவைத் திறந்து வகுப்பில் தலைகாட்ட வேண்டும். ஸ்திரீமிக்ஸ் காலத்துச் செம்புக் கம்பி இணைப்பு இதில்தான் மாணவர்களைக் கைவிட்டது. அந்தத் தொழில்நுட்பமே பதிவிறக்கத்துக்கு அதிகமும் பதிவேற்றத்துக்குக் கொஞ்சமும் ஒதுக்கும்படி அமைந்தது. அதோடு, தொலைபேசி நிலையத்திலிருந்து தொலைவு கூடக் கூட வேகம் தேய்ந்துகொண்டே போகும். நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கடைக்காரருக்கு 8 மெகாபிட் கிடைத்தால், நான்கைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தோட்டத்து லயத்துக்கு ஒன்று கிடைப்பதே பெரும்பாடு. மழைக்காலத்தில் இணைப்பில் ஈரம் இறங்கினால் அதுவும் போய்விடும். இடையில் கம்பித் திருடர்கள் வேறு. செம்புக்கு இரும்புக் கடையில் விலை உண்டு, கண்ணாடிக்கு இல்லை. இருந்தாலும், உள்ளே செம்பு இருக்கும் என்று நினைத்து ஃபைபர் வடத்தையும் வெட்டிப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஃபைபர் என்று நாம் சொல்லும் கண்ணாடி இழை 125 மைக்ரான் தடிமன் கொண்டது, ஏறக்குறைய ஒரு தலைமுடி அளவு. ஒளி போகும் நடுப்பகுதி 9 மைக்ரான் மட்டுமே. இந்தத் துறைக்குப் பெயர் சூட்டியவர்களில் ஒருவர் பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. ஆனால் நீண்ட தூரத் தொடர்புக்குக் கண்ணாடி உதவும் என்று 1966-இல் கணக்குப் போட்டுக் காட்டியவர் சார்லஸ் காவ். அப்போதிருந்த கண்ணாடியில் ஒளி சில மீட்டர்களிலேயே மங்கிவிடும். கோளாறு கண்ணாடியில் இல்லை, அதில் கலந்திருக்கும் மாசில்தான் இருக்கிறது, அதை நீக்கினால் கிலோமீட்டருக்கு 20 டெசிபெல் இழப்புக்குள் கொண்டுவர முடியும் என்றார் அவர். 20 டெசிபெல் என்றால் ஒரு கிலோமீட்டர் போனதும் நூற்றில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சும். 1970-இல் அமெரிக்காவின் கோர்னிங் நிறுவனம் அந்த அளவை எட்டியது. இன்று சாதாரணமாகக் கிடைக்கும் இழையில் கிலோமீட்டருக்கு 0.2 டெசிபெல்தான் இழப்பு. ஒரு கிலோமீட்டர் கடந்தும் 95 விழுக்காட்டுக்கு மேல் ஒளி மிஞ்சுகிறது. காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 2009-இல்தான். அந்த ஆண்டில்தான் ஏஏஜி என்ற ஆழ்கடல் வடம் செயல்படத் தொடங்கியது. கலிபோர்னியாவிலிருந்து பசிபிக் கடலைக் கடந்து, சுமார் 20,000 கிலோமீட்டர் ஓடும் அந்த வடம் மலேசியாவில் கரையேறும் இடம் எது தெரியுமா? நம் ஜொகூரில் உள்ள மெர்சிங். தீயோமான் தீவுக்குப் படகேறப் போகிறோமே, அதே ஊர்தான்.

பசிபிக் கடலையே கடந்து வந்த ஒளிக்கு மெர்சிங்கிலிருந்து ஒரு தோட்டப்புற வீட்டுக்குள் போவதுதான் கடினமாக இருக்கிறது.

வீட்டுக்கு வரும் ஃபைபர் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். இயற்பியல் படிப்பவர்களுக்கு இது பாடத்திலேயே வரும், மற்றவர்களும் பயப்பட வேண்டாம். ஜிபோன் என்ற முறைதான் இன்று உலகெங்கும் பரவலாக இருக்கிறது. தொலைபேசி நிலையத்திலிருந்து புறப்படும் ஒரே ஓர் இழை உங்கள் தாமான் வரைக்கும் வருகிறது. அங்கே தெருவோரப் பெட்டியில் ஒரு பிரிப்பான் இருக்கும். அது ஒளியைப் பகுத்து, பெரும்பாலும் 32 வீடுகளுக்கு அனுப்புகிறது. அந்தப் பிரிப்பானுக்கு மின்சாரம் தேவையில்லை. மின்விசிறியோ மின்கலமோ இல்லை, சூடாவதும் இல்லை. வெயிலிலும் மழையிலும் அப்படியே கிடக்கும். செம்புக் காலத்துத் தெருப்பெட்டிகள் மின்சாரம் போனால் படுத்துவிடும், இது படுக்காது.

ஒளியை இரண்டாகப் பிரித்தால் 3 டெசிபெல் குறையும். 32 ஆக்க ஐந்து முறை இரண்டிரண்டாகப் பிரிக்க வேண்டும், ஆக 15 டெசிபெல். நடைமுறையில் 17 வரை போகும். 20 கிலோமீட்டர் இழையில் இன்னொரு 7 போகும். ஒட்டுகளிலும் இணைப்பிகளிலும் ஒன்றிரண்டு. மொத்தம் 26 சொச்சம். பரவலாகப் பயன்படும் ஜிபோன் கருவிகள் 28 டெசிபெல் இழப்பு வரைக்கும் தாங்கும். கையில் மிஞ்சுவது மிகக் குறைவு. நிறுவ வந்தவர் அவசரத்தில் இழையை அலமாரிக் காலடியில் மடக்கிவிட்டுப் போனாலோ, இணைப்பி முனையைத் துடைக்காமல் செருகினாலோ அந்த மிச்சம் கரைந்து, உங்கள் மோடத்தில் சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் முதலில் சுவரோரத்தில் இழை எங்கேயாவது மடங்கியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். முனையை மட்டும் உற்றுப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாதது, லேசர்.

நிலையத்திலிருந்து வரும் ஒளி 32 வீடுகளுக்கும் ஒன்றாகவே போய்ச் சேருகிறது. பக்கத்து வீட்டுக்காரரின் தரவும் உங்கள் மோடம் வரை வருகிறது, ஆனால் அது பூட்டிய உறையில் இருப்பதால் உங்கள் கருவியால் திறக்க முடியாது. திரும்பிப் போகும் வழியில்தான் சாமர்த்தியம். 32 வீடுகளும் ஒரே நேரத்தில் ஒளியை அனுப்பினால் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று மோதிவிடும். அதனால் நிலையத்துக் கருவி ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நேரம் ஒதுக்குகிறது. அந்த அட்டவணை 125 மைக்ரோவினாடிக்கு ஒருமுறை புதிதாகிறது. கண்ணாடிக்குள் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோவினாடி ஆகும் என்பதால் தூரத்து வீட்டுக்காரர் கொஞ்சம் முந்தி அனுப்ப வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் பொறுக்க வேண்டும். நிலையம் ஒவ்வொரு வீட்டின் தூரத்தையும் அளந்து வைத்துக்கொண்டு இதைச் செய்கிறது. பள்ளி உணவகத்தில் வகுப்பு வகுப்பாக இடைவேளை விடுவது போன்ற ஏற்பாடு. தூரத்து வகுப்புக்கு மணி முன்னதாக அடிக்கும்.

இந்த ஓர் இழையின் மொத்தக் கொள்ளளவு பதிவிறக்கத்துக்குச் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், பதிவேற்றத்துக்கு 1.25. 32 வீடும் ஒரே வினாடியில் முழு மூச்சில் இழுத்தால் ஒரு வீட்டுக்குக் கிட்டத்தட்ட 78 மெகாபிட்தான் பங்கு. ஆனால் எல்லாரும் ஒரே வினாடியில் இழுப்பதில்லை. ஒருவர் படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறார், இன்னொருவர் வாசித்துக்கொண்டிருக்கிறார். அந்த இடைவெளிகளை வைத்துத்தான் நிறுவனங்கள் 500, 1000 என்று விற்கின்றன. அது ஏமாற்று வேலையன்று. பேருந்தில் உட்கார இடம் 40 என்றாலும், மாதச் சீட்டு 40 பேருக்கு மட்டும் விற்பதில்லையே. தேவை இன்னும் கூடினால் தெருவைத் தோண்ட வேண்டியதில்லை. இழை அப்படியே இருக்க, இரு முனைக் கருவிகளை மட்டும் மாற்றினால் போதும். எக்ஸ்ஜிஎஸ்-போன் என்ற அடுத்த தலைமுறை வேறு அலைநீளங்களில் ஓடுவதால், பழைய ஜிபோனோடு சேர்ந்தே அதே இழையில் 10 ஜிபிபிஎஸ் வரை கொடுக்கும். இருபது ஆண்டு கழித்து வரப்போகும் தேவைக்கும் இன்று புதைக்கும் கண்ணாடி போதும் என்று பொறியாளர்கள் தைரியமாகச் சொல்வதற்கு இதுதான் காரணம்.

இதையெல்லாம் சொன்ன பிறகு ஒரு சின்ன உண்மையையும் சொல்ல வேண்டும். ஃபைபர் உள்ள வீட்டில் இணையம் மெதுவாக இருந்தால் குற்றவாளி பெரும்பாலும் வைஃபைதான். ரவுட்டரைத் தொலைக்காட்சிக்குப் பின்னால், மீன் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு மாடி அறையில் படிக்கும் பிள்ளைக்கு வேகம் வரவில்லை என்றால் யார் என்ன செய்வது? ஒரு நீண்ட லேன் கம்பி வாங்கி மடிக்கணினியை நேரடியாக இணைத்துப் பாருங்கள். வேகம் வந்தால் தொகுப்பை உயர்த்தப் பணம் கட்ட வேண்டாம், ரவுட்டரை இடம் மாற்றுங்கள்.

ஃபைபரே இல்லாத வீட்டுக்கு இந்த அறிவுரை உதவாது. நான் எழுத வந்தது அந்த வீடுகளைப் பற்றித்தான்.

மலேசியா இதில் தாமதமாகத் தொடங்கிய நாடு இல்லை. அரசாங்கமும் டெலிகோம் மலேசியாவும் 2008 செப்டம்பரில் ஒப்பந்தம் போட்டன. திட்டச் செலவு 1,130 கோடி ரிங்கிட், அதில் அரசாங்கத்தின் பங்கு 240 கோடி. 2010 மார்ச் 24-ஆம் தேதி யூனிஃபை அறிமுகமானபோது 5 எம்பிபிஎஸ் தொகுப்பின் விலை மாதம் 149 ரிங்கிட், 20 எம்பிபிஎஸ் 249 ரிங்கிட். முதலில் ஷா ஆலம், சுபாங் ஜெயா, தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், பங்சார். அதே முதல் கட்டத்தில் நம் இஸ்கந்தர் வட்டாரமும் இருந்தது. ஜொகூர் பாருவின் புதிய தாமான்களுக்கு ஃபைபர் சீக்கிரமே வந்தது அதனால்தான். வாங்கும் சக்தி இருக்கும் இடத்துக்கு முதலில் போவது வணிகத்தின் இயல்பு. ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது என்பதற்காகத்தானே பொதுப்பணம் போடுகிறோம்!

அங்கேயே நின்றுவிட்டால் என்ன ஆகும் என்பதை 2020 மார்ச் 18-ஆம் தேதி தொடங்கிய நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை காட்டியது. பள்ளிகள் மூடப்பட்டன, வகுப்புகள் வீட்டுக்கு வந்தன. கல்வி அமைச்சின் ஆய்வு அப்போது சொன்னது இது: 36.9 விழுக்காட்டு மாணவர்களிடம் எந்தக் கருவியும் இல்லை. கருவி இருந்தவர்களிலும் பெரும்பாலோர் கையில் இருந்தது கைப்பேசி மட்டுமே. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொண்ட வீடுகளை நாம் எல்லாரும் அறிவோம். அந்தப் பிள்ளைகளில் பலர் இன்று எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். வகுப்புகளில் இருக்கிறார்கள். அன்று விட்டுப்போன அடிப்படைப் பாடம் இன்னும் அவர்களைத் துரத்திக்கொண்டிருக்கிறது.

அந்த ஆண்டு ஆகஸ்டில் அப்போதைய பிரதமர் முஹிடின் யாசின், அவரும் நம் ஜொகூரின் பாகோ நாடாளுமன்ற உறுப்பினர்தான், ஜென்டெலா திட்டத்தை அறிவித்தார். 2022 முடிவுக்குள் 75 லட்சம் வளாகங்களுக்கு ஜிகாபிட் வேகத்துக்கான வசதி என்பது அதன் முதல் கட்ட இலக்கு. இலக்கு எட்டப்பட்டது. பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் ஒரு சொல்லைக் கவனியுங்கள். எண்ணப்பட்டவை ஃபைபர் "கடந்து சென்ற" வளாகங்கள். உங்கள் தெருவில் பிரிப்பான் வந்துவிட்டால், உங்கள் வீட்டில் இணைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உங்கள் வீடு கணக்கில் சேர்ந்துவிடும். வாசலில் தண்ணீர்க் குழாய் போவதும் சமையலறையில் தண்ணீர் வருவதும் ஒன்றா?

ஜொகூரின் உட்பகுதித் தோட்டம் ஒன்றுக்கு அண்மையில் பேசப் போயிருந்தேன். பெரிய சாலையில் ஃபைபர் போகிறது. தோட்டத்து நுழைவாயிலில் கம்பம் நிற்கிறது. உள்ளே ஒன்றரைக் கிலோமீட்டரில் நாற்பது சொச்சம் வீடுகள். விண்ணப்பித்தவர்களுக்கு வந்த பதில், "இப்பகுதியில் போர்ட் இல்லை". ஒரு மாணவி சொன்னாள், "சார், மெயின் ரோட்டுப் பஸ் ஸ்டாப்புல நல்லா லைன் வரும். அசைன்மெண்ட் எல்லாம் அங்கதான் அனுப்புவேன்." இரவில்? "அப்பா மோட்டார்ல கூட்டிட்டுப் போவாரு." அவள் இதை ஒரு குறையாகக்கூடச் சொல்லவில்லை. கடைக்குப் போய் ரொட்டி வாங்குவதைப் போலச் சொன்னாள்.

இந்த ஒன்றரைக் கிலோமீட்டர் ஏன் கடக்கப்படவில்லை? கண்ணாடி இழை விலை உயர்ந்த பொருள் இல்லை. செலவெல்லாம் கம்பம் நடுவதிலும் மண் தோண்டுவதிலும் அனுமதி வாங்குவதிலும் இருக்கிறது. தோட்டம் தனியார் நிலம், நிர்வாகம் அனுமதிக்க வேண்டும். வெளியே சாலையோரம் மாநில, ஊராட்சி அதிகாரத்தில் வருகிறது. எஸ்.டி.பி.எம். பொதுக்கல்வி படிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்கும்: நம் அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் தொடர்புத்துறை கூட்டரசுப் பட்டியலில் இருக்கிறது, நிலம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. இணையம் தருவேன் என்று புத்ராஜெயா சொன்னாலும் குழி தோண்ட அனுமதி தர வேண்டியவர் வேறொருவர். இவ்வளவையும் தாண்டிப் போனாலும் உள்ளே நாற்பது வீடுகள்தான், அதில் இருபது பேர்தான் சந்தா கட்டுவார்கள் என்று நிறுவனத்தின் கணக்கர் பேனாவை மூடிவிடுகிறார்.

நகரத்து மலிவு விலை அடுக்குமாடிகளில் கதை வேறு மாதிரி. ஃபைபர் கட்டடத்தின் அடித்தளம் வரை வந்திருக்கும். அங்கிருந்து மேல்மாடிக்குப் பழைய தொலைபேசிக் கம்பியிலேயே அனுப்பும் விடிஎஸ்எல் முறை பல கட்டடங்களில் இருந்தது. குறுகிய தூரம் என்பதால் ஓரளவு ஓடும், ஆனால் அதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. புதிய இழை இழுக்க நினைத்தால் கட்டட நிர்வாகக் குழு கூடி முடிவெடுக்க வேண்டும். பராமரிப்புக் கட்டணமே பாக்கி இருக்கும் கட்டடத்தில் அந்தக் கூட்டம் எப்போது நடக்கும்?

செம்பையே ஒட்டுப்போட்டு ஓட்டலாம் என்று நினைத்த பணக்கார நாடு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியா 2009-இல் ஏறக்குறைய எல்லா வீடுகளுக்கும் நேரடி ஃபைபர் என்று திட்டமிட்டது. 2013-இல் ஆட்சி மாறியதும், தெருமுனை வரை ஃபைபர், அங்கிருந்து பழைய செம்பு என்று சிக்கனம் பிடித்தது. 2020 செப்டம்பரில் அதே அரசாங்கக் கூட்டணியே பல நூறு கோடி டாலர் ஒதுக்கி, அந்த வீடுகளுக்கு மறுபடியும் ஃபைபர் இழுக்கப் போவதாக அறிவித்தது. ஒரே தெருவில் இரண்டு முறை செலவு.

கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். சிங்கப்பூரில் கண்ணாடி இழைக்குச் சொந்தக்கார நிறுவனம் ஒன்று, அதன் மேல் சேவை விற்கும் நிறுவனங்கள் பல. இழை வைத்திருப்பவர் நேரடியாக வீடுகளுக்கு இணையம் விற்பதில்லை. அதனால் எல்லாச் சேவை நிறுவனங்களும் ஒரே விலையில் இழையை வாடகைக்கு எடுத்துப் போட்டி போடுகின்றன. 2024 பிப்ரவரியில் அங்கே 10 ஜிபிபிஎஸ் தரத்துக்கு உயர்த்த 10 கோடி சிங்கப்பூர் வெள்ளி வரை ஒதுக்குவதாக அறிவித்தார்கள். சின்னத் தீவு, அடுக்குமாடி நிறைந்த ஊர், அவர்களுக்கு எளிது என்று சொல்லலாம், சரிதான். ஆனால் ஒரே தெருவில் மூன்று நிறுவனங்கள் மூன்று முறை தோண்டாமல் ஓர் இழையைப் பகிர்வதற்குத் தீவாக இருக்க வேண்டியதில்லை.

நம் நாட்டிலும் அந்த வழி தெரியாமல் இல்லை. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2018 ஜூனில் நடைமுறைப்படுத்திய மொத்த விலைக் கட்டுப்பாடு, இழை வைத்திருப்பவர் மற்ற நிறுவனங்களிடம் வாங்கும் வாடகைக்கு வரம்பு கட்டியது. அப்போது தொடர்புத்துறை அமைச்சராக இருந்தவர் கோபிந்த் சிங் டியோ. சில மாதங்களிலேயே சந்தை விலை சரிந்தது. வசதி குறைந்தவர்களையும் கருத்தில் கொண்டு 30 எம்பிபிஎஸ் தொகுப்பு 79 ரிங்கிட்டுக்கு வந்தது. எட்டு ஆண்டுகளுக்கு முன் 149 ரிங்கிட்டுக்கு 5 எம்பிபிஎஸ் என்றிருந்ததை நினைத்துப் பாருங்கள். கண்ணாடி மாறவில்லை, விதி மாறியது. அதனால்தான் இதைத் தொழில்நுட்பப் பிரச்சினை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

தோட்டப்புறங்களுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. மின்சாரம் போகாத லயம் இன்று அரிது, மின்கம்பம் ஏற்கெனவே நிற்கிறது. தெனாகா நேஷனல் 2019-இல் மலாக்காவின் ஜாசினில் தன் ஃபைபர் கட்டமைப்பைக் கொண்டு வீடுகளுக்கு இணையம் தரும் முன்னோடித் திட்டத்தில் இறங்கியது. ஜாசினுக்கும் நம் தங்காக்குக்கும் இடையில் அதிகத் தூரமில்லை. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் டான்ஃபிநெட் திட்டமும் பெருமளவு மின்கம்பங்களின் மேல்தான் இழையைக் கட்டிக்கொண்டு போகிறது. காற்றில் தொங்கும் இழை மரம் விழுந்தால் அறும், உண்மை. ஆனால் அதை ஒரே நாளில் ஒட்டிவிடலாம். வராத இழையை ஒட்ட முடியாது.

"5ஜி வந்துவிட்டதே, இனி ஏன் கம்பி?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோபுரத்தின் அலைவரிசையை அந்த வட்டாரத்தில் உள்ள எல்லாரும் பகிர்கிறார்கள், இரவு ஒன்பது மணிக்கு அதுவும் திணறும். அதைவிட முக்கியமானது, 5ஜி கோபுரத்தின் காலடிக்கும் ஃபைபர்தான் வர வேண்டும். வெளியில் போகும்போது 5ஜி நல்லது. நாலு பேர் படிக்கும் வீட்டுக்கு அது ஒரு தற்காலிக ஏற்பாடு என்பது என் கருத்து.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. சிங்கப்பூர் 2019-இல் புதிய தரவு மையங்களை நிறுத்தி வைத்த பிறகு, ஜொகூர் அவற்றின் புகலிடமாகிவிட்டது. கூலாய், செடெனாக், நூசாஜெயா என்று ஜன்னல் இல்லாத பெரிய கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. அவை ஒவ்வொன்றுக்கும் பல திசைகளிலிருந்து ஃபைபர் வருகிறது, ஒன்று அறுந்தால் இன்னொன்று. செம்பனைக் காட்டுக்கு நடுவே அந்த வடங்கள் போவதற்கு அனுமதியும் கிடைத்தது, கம்பமும் கிடைத்தது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, வேலைகள் வரும், வரட்டும். ஆனால் அந்த வடம் போகும் வழியில் இருக்கும் தோட்டத்துக்கும் கம்பத்துக்கும் ஒரு கிளை விட வேண்டும் என்று மாநில அரசு அனுமதியோடு சேர்த்தே நிபந்தனை வைக்கலாமே. தோண்டுகிறபோது இன்னொரு குழாயையும் புதைத்துவிடுவதற்கு ஆகும் கூடுதல் செலவு சொற்பம்.

பணமும் இல்லாமல் இல்லை. தொலைத்தொடர்பு உரிமம் பெற்ற பெரிய நிறுவனங்கள் தங்கள் நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டை அனைவருக்குமான சேவை நிதியில் கட்டுகின்றன. வணிகக் கணக்குக்கு ஒத்துவராத இடங்களுக்காகவே உள்ள நிதி அது. கிராமப்புறக் கோபுரங்களும் சமூக இணைய மையங்களும் அதிலிருந்துதான் வந்தன. இப்போது நாடி என்று பெயர் மாறியிருக்கும் அந்த மையங்கள் நல்லவை, பக்கத்தில் இருந்தால் போய்ப் பயன்படுத்துங்கள். ஆனால் மையம் மாலையில் பூட்டிவிடும், வீட்டுப்பாடம் இரவில்தான் தொடங்கும். அந்த நிதியின் அடுத்த பங்கு கடைசி ஒன்றரைக் கிலோமீட்டருக்குப் போக வேண்டும். எத்தனை வீடுகளைக் கடந்தோம் என்பதோடு எத்தனை வீடுகளில் விளக்கு எரிகிறது என்ற எண்ணையும் ஆணையம் மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். சிகாமாட்டில் எவ்வளவு, குளுவாங்கில் எவ்வளவு, கோத்தா திங்கியில் எவ்வளவு என்று தெரிந்தால் சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்பதற்கு நம் கையில் ஓர் எண் இருக்கும்.

இந்த வேலையில் நம் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. இழைகளை உருக்கி ஒட்டும் தொழில்நுட்பருக்கு எஸ்.கே.எம். சான்றிதழ் போதும். தலைமுடி அளவு கண்ணாடியின் இரு முனைகளை ஒன்பது மைக்ரான் பிசகாமல் சேர்க்கும் கைப்பக்குவம் பொறுமைசாலிகளுக்கு வரும். எஸ்.பி.எம். முடித்து என்ன செய்வது என்று யோசிப்பவர்கள் இதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜென்டெலா வரைபடத்தில் உங்கள் முகவரியைத் தேடிப் பாருங்கள். ஃபைபர் உண்டு என்று அது சொல்லி, உங்களுக்கு இணைப்பு மறுக்கப்பட்டிருந்தால், மறுத்த தேதியையும் சொன்ன காரணத்தையும் எழுதி வைத்துக்கொண்டு ஆணையத்தின் புகார்த் தளத்தில் பதிவு செய்யுங்கள். தனித்தனியாகப் போகாமல் தெருவாகச் சேர்ந்து போங்கள். நாற்பது வீட்டில் முப்பது வீடு கையெழுத்துப் போட்டால் அந்தக் கணக்கர் பேனாவை மறுபடி திறப்பார். அதன் பிறகு இந்தப் பக்கத்துக்கும் எழுதுங்கள்: தோட்டம் அல்லது தாமானின் பெயர், மொத்த வீடுகள், அதில் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், கடைசிக் கம்பத்திலிருந்து உங்கள் வீடு எத்தனை மீட்டர். ஜொகூரின் பத்து மாவட்டங்களிலிருந்தும் வருபவற்றை அடுத்த மாதம் இங்கே அட்டவணையாக வெளியிடுகிறோம்.